யாருடைய கால் படாத காடு?

மலையேறும் வழியில் ஒரு சோதனைச் சாவடி. வண்டி எண், பெயர், ஊர், கைப்பேசி எண், வந்த நோக்கம் என்று கட்டம் போட்ட பதிவேட்டை நீட்டினார்கள். நாங்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் 'சுற்றுலா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். ஒன்பதாவது தோழர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அவருடைய ஆச்சி நாலுமுக்கில் முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். அம்மா பிறந்தது அங்கே ஒரு லைன் வீட்டில். அந்தக் கட்டத்தில் அவர் என்ன எழுதுவது? பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். தோழரும் 'சுற்றுலா' என்றே எழுதினார்.

மணிமுத்தாறு, மாஞ்சோலை, பாபநாசம், காரையாறு, முண்டந்துறை என்று மூன்று நாள் பயணம். எல்லாமே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள்ளும் விளிம்பிலும் இருப்பவை. 1988இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. திரும்பி வந்ததும் விடுதியில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "புலி பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. பார்த்ததைச் சொல்கிறோம்.

மணிமுத்தாறு அருவியைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறினால் முதலில் மாஞ்சோலை, அப்புறம் காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, கடைசியில் குதிரைவெட்டி. யூடியூபில் தேடிப் பாருங்கள், நூறு காணொளி வரும். 'திருநெல்வேலியின் ஊட்டி', 'சொர்க்க பூமி', 'மனிதக் கால் படாத இயற்கை'. இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்கிறபோது அந்த நண்பர் நிற்பது தார் போட்ட சாலையில். அவருக்குப் பின்னால் தெரிவது தேயிலைத் தோட்டம். ஒவ்வொரு செடியையும் ஒரு மனிதர் நட்டார், கவ்வாத்து வெட்டினார், களை எடுத்தார், அட்டை கடித்த காலோடு கொழுந்து பறித்தார். கால் படாத இடமா அது? பட்ட கால்கள் யாருடையவை என்பதுதான் விசயம். அவை கணக்கில் வராத கால்கள்.

இப்போது பறிக்க ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கின்றன. தேயிலை உண்மையில் ஒரு மரம் என்பதே எங்களில் பலருக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. வாரம் தவறாமல் பறித்த கைகள்தான் அதை இடுப்பளவுச் செடியாக வைத்திருந்திருக்கின்றன. பல லைன் வீடுகளில் பூட்டு. ஒரு வீட்டு வாசலில் செம்பருத்தி பூத்துக் கிடந்தது. தோழரின் ஆச்சி இருந்த வீடு எது என்று அடையாளம் காண முடியவில்லை. எல்லா வீடும் ஒன்றுபோலவே இருக்கும், கம்பெனி அப்படித்தான் கட்டும்.

கொஞ்சம் பழைய கதை. இந்த மலை சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது. ஒரு கொலை வழக்குக்குச் செலவழித்த கடனை அடைக்கத்தான் ஜமீன்தார் மலையைக் குத்தகைக்கு விட்டார் என்று அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். 1929இல் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேசன் என்ற கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகை. ஏறத்தாழ 8,374 ஏக்கர். ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு நிலம் அரசின் கைக்கு வந்தது, குத்தகை அப்படியே தொடர்ந்தது. அடர்ந்த சோலைக்காடாக இருந்த மலை அது. அழிக்கச் சொன்னது கம்பெனி, அனுமதித்தது ஆட்சி, கோடரி பிடித்தது நம் ஆட்கள். கங்காணிகள் சமவெளியில் ஆள் பிடித்தார்கள். யார் ஏறியது? நிலம் உள்ளவன் எவனும் பனியிலும் மலேரியாவிலும் சாக மலையேறவில்லை. பண்ணையில் கூலியாகக் கிடந்த பள்ளர், பறையர் குடும்பங்கள்தான் பெரும்பாலும் ஏறின. ஊரில் அடியும் உதையும், மலையில் அட்டையும் காய்ச்சலும் என்றால் மலையே மேல் என்று போனவர்கள். கீழே ஒரு ஏக்கர் பஞ்சமி நிலமாவது கையில் நின்றிருந்தால் பாதிப் பேர் போயிருக்க மாட்டார்கள்.

1998, 1999இல் இந்தத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். நூற்றுக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். கூலி கேட்டும், சிறையில் கிடந்தவர்களை விடுவிக்கக் கோரியும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் பேரணி போனது. காவல்துறை தடியடி நடத்தியது. கொக்கிரகுளத்தில் ஒரு பக்கம் தடி, மறுபக்கம் தாமிரபரணி. 17 பேர் செத்தார்கள். பெண்களும் உண்டு, ஒரு கைக்குழந்தையும் உண்டு. விசாரணைக்குப் போட்ட நீதிபதி மோகன் ஆணையம் பெரும்பாலோர் தண்ணீரில் மூழ்கிச் செத்ததாகச் சொல்லி முடித்துக்கொண்டது. தண்ணீருக்குள் அவர்களை ஓட வைத்தது யார் என்பதற்குப் பதில் வரவே இல்லை. ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த 'ஒரு நதியின் மரணம்' ஆவணப்படத்தைப் பார்க்காத தோழர்கள் இந்த வாரமே பாருங்கள்.

ஆக, நாம் 'சுற்றிப் பார்க்க' ஏறிய மலை இது. மணிமுத்தாறு அருவியில் நின்று செல்பி எடுக்கிறோமே, அந்தத் தண்ணீர் கீழே போய்ச் சேருவது அதே தாமிரபரணியில்தான்.

2024இல் கம்பெனி கதவைச் சாத்தியது. குத்தகை 2028இல்தான் முடிகிறது, அதற்கு முன்பே விருப்ப ஓய்வு என்று ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கியது. நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே செத்த குடும்பங்களிடம் வீட்டைக் காலி செய் என்றது. வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டியதுதான் எஸ்டேட் முறை. வேலை போனால் அன்றே வீடும் போகும். தொழிலாளர்கள் நீதிமன்றம் போனார்கள். அரசின் தேயிலைக் கழகமான டான்டீ தோட்டத்தை ஏற்று நடத்தட்டும் என்று கேட்டார்கள். இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழருக்காகக் காட்டு நிலத்தில் தேயிலை போட்டு உருவாக்கியதுதானே டான்டீ? இதற்கு மட்டும் முடியாதா? 2024 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. நிலம் காடாக வேண்டும், மக்களுக்கு மறுவாழ்வு உதவி உண்டு. இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

இங்கே நம் சூழலியல் நண்பர்கள் சிலர் கைதட்டினார்கள். "கடைசியில் காடு மீட்கப்பட்டது!" யாரிடமிருந்து மீட்கப்பட்டது? தொண்ணூற்றைந்து ஆண்டு லாபம் எடுத்த கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. மீட்புக்கு விலை கொடுப்பது லைன் வீட்டுக்காரர்.

காட்டில் மனிதனே கூடாது என்பதுதான் கொள்கை என்றால் அதையாவது ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்களா? இதே காப்பகத்துக்குள் காரையாறில் பாபநாசம் அணை இருக்கிறது, சேர்வலாறு அணை இருக்கிறது, மின் நிலையங்கள் இருக்கின்றன. சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது. சுற்றுலாப் பயணிக்கு அறை இருக்கிறது, அதிகாரிக்கு விருந்தினர் மாளிகை இருக்கிறது. அணையைப் பார்த்துப் புலி கோபித்துக்கொள்வதில்லை. விருந்தினர் மாளிகையின் ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டு மிளா ஓடுவதில்லை போலிருக்கிறது. லைன் வீட்டு அடுப்புப் புகைதான் காட்டுக்கு ஆகாது!

சொரிமுத்து அய்யனார் கோயிலைப் பற்றி நின்று பேச வேண்டும். அந்தக் கோயிலில் பட்டவராயன் சன்னதி இருக்கிறது. தென்மாவட்டத்தில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு முத்துப்பட்டன் கதை தெரியும். பார்ப்பனனாகப் பிறந்த முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர் மீதும் காதல் கொண்டு, பூணூலை அறுத்து, செருப்புத் தைத்து, மாடு காத்து, கடைசியில் மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்டவன். பொம்மக்காவும் திம்மக்காவும் அவனோடு தீயில் இறங்கினார்கள். இன்றைக்கும் அந்தச் சன்னதியில் நேர்த்திக்கடன் செருப்புத்தான். நாங்கள் போனபோதும் தோல் செருப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. இந்தக் காட்டுக்குள் அருந்ததியர் மாட்டுக்கிடை போட்டு வாழ்ந்த நினைவைக் கதையாகவும் செருப்பாகவும் மக்கள் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இதைவிடப் பழைய பதிவேடு எந்தச் சோதனைச் சாவடியில் இருக்கிறது?

பயணிகள் கூட்டம் அந்தச் செருப்புகளைப் படம் எடுத்தது. 'வினோத வழிபாடு' என்று போடுவார்கள். அதில் சாதி இருக்கிறது என்று ஒருவரும் எழுத மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவத் தோழர்கள் கேட்பீர்கள். 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்கும் 'இதர பாரம்பரிய வனவாசி'களுக்கும் உரிமை தருகிறது. பழங்குடி என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன்பு அந்த நிலத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். மற்றவர்களோ அந்தத் தேதிக்கு முன்பு மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டில் வசித்துக் காட்டைச் சார்ந்து பிழைத்ததை மெய்ப்பிக்க வேண்டும். காட்டோரத்துத் தலித்துகள் எல்லாரும் இந்த 'இதர'வுக்குள்தான். பட்டாவே கொடுக்காத சாதியிடம் 1930ஆம் வருசத்துத் தாளைக் கேட்கிறது சட்டம். மாஞ்சோலையில் இதில் ஒரு கொடுமையான வேடிக்கை இருக்கிறது. குத்தகை 1929, சட்டம் கேட்பது 1930. ஆனால் யார் எந்த வருசம் மலையேறினார், யார் பிள்ளை யார் பேரில் வேலைக்குச் சேர்ந்தது என்ற கணக்கெல்லாம் இருக்க வேண்டியது கம்பெனியின் சம்பளப் பதிவேட்டில். தொழிலாளியின் சான்று முதலாளியின் அலமாரியில். அப்படியே எடுத்துக் காட்டினாலும், கூலிக்கு வந்தவன் எப்படிப் 'பாரம்பரிய வனவாசி' ஆவான் என்று அடுத்த கேள்வி தயாராக நிற்கும். ஏன் கூலியாக மட்டுமே காட்டுக்குள் வர முடிந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வன உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்குச் சற்று முன், 2007ஆம் ஆண்டின் கடைசி வாரங்களில், நாடெங்கும் அவசர அவசரமாகப் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. களக்காடு முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை எல்லாம் அந்தப் பட்டியலில் வந்தவை. உரிமை வாசலுக்கு வருவதற்குள் பூட்டுப் போட்டார்கள். 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், மையப் பகுதிகளில் இன்னும் 591 கிராமங்களில் 64,801 குடும்பங்கள் இருப்பதாகக் கணக்குச் சொல்லி, இடமாற்றத்தை விரைவுபடுத்தக் கேட்டது. விலை ஏற்கெனவே நிர்ணயமாகிவிட்டது, குடும்பத்துக்கு 15 லட்சம்.

இது நம் மலையில் மட்டும் நடப்பதல்ல. கர்நாடகத்தின் நாகரஹொளேயில் ஜேனு குருபர் மக்களை வெளியேற்றிய காட்டுக்குள்தான் ஒரு பெரிய ஹோட்டல் கம்பெனிக்குத் தங்கும் விடுதி நடத்தக் குத்தகை கொடுத்தார்கள். ஆதிவாசிகள் போராடி, வழக்குப் போட்டு, 1997இல் உயர்நீதிமன்றத்தில் அதை முறியடித்தார்கள். 2025 மே மாதம் ஐம்பதுக்கு மேற்பட்ட ஜேனு குருபர் குடும்பங்கள் தங்கள் பழைய ஊருக்கே திரும்ப நடந்துபோய்க் குடிசை போட்டன. கேரளத்தின் வயநாட்டில் முத்தங்கா என்றால் இன்றைக்கு ஜீப் சவாரி. 2003 பிப்ரவரி 19 அன்று, நிலம் கேட்டுக் குடில் கட்டி உட்கார்ந்த ஆதிவாசிகள் மீது அங்கேதான் போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தை நடத்திய ஆதிவாசி கோத்ர மகாசபையில் ஆதிவாசியான சி.கே. ஜானுவும் தலித்தான எம். கீதானந்தனும் ஒன்றாக நின்றார்கள். காட்டுப் பிரச்சினை ஆதிவாசிகளுடையது, நமக்கு ஊர்ப் பிரச்சினை போதும் என்று நம் அமைப்புகளில் சிலர் பேசுகிறார்கள். அவர்களுக்கு முத்தங்காவும் தெரியாது, மாஞ்சோலையும் தெரியாது.

இனி எங்களுக்குள்ளேயே வந்த சண்டையைச் சொல்கிறோம். ஊத்தில் நின்று டீ குடிக்கும்போது ஒரு தோழர் கேட்டார்: "அப்போ தேயிலைத் தோட்டமே இருக்கட்டும்ங்கிறீங்களா? சோலைக்காடு போனா தாமிரபரணி காஞ்சிரும். கீழே நெல்லு நடுற நம்ம சனம் என்ன செய்யும்?" நியாயமான கேள்வி. தாமிரபரணி நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் உயிர். ஆறு வற்றினால் முதலில் வேலை போவது வயல்கூலிக்குப் போகும் சேரிப் பெண்ணுக்குத்தான். காடு வேண்டாம் என்று சொல்ல நமக்கு எந்த அவசியமும் இல்லை. புலியும் இருக்கட்டும், சிங்கவால் குரங்கும் இருக்கட்டும்.

ஆனால் காட்டைத் திரும்ப வளர்க்கப்போவது யார்? தேயிலையைப் பிடுங்க வேண்டும், களைச்செடி மண்டாமல் பார்க்க வேண்டும், சோலை மரக் கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து நட வேண்டும், தீப்பிடிக்காமல் காக்க வேண்டும். பத்து இருபது ஆண்டு வேலை. அந்த மலையின் ஒவ்வொரு சரிவும், ஒவ்வொரு ஊற்றும், யானை இறங்கும் ஒவ்வொரு தடமும் தெரிந்தவர்கள் யார்? காட்டை அழிக்க அவர்கள் கை வேண்டியிருந்தது, வளர்க்க வேண்டாமா? வனத்துறையின் நிரந்தர வேலையாக, முறையான சம்பளத்தோடு அதை அவர்களுக்குக் கொடு என்பது ஒரு கோரிக்கை. கீழே இறங்க விரும்புகிறவருக்கு அடுக்குமாடியில் ஒரு வீட்டோடு நிறுத்தாமல் விவசாய நிலம் கொடு என்பது இன்னொரு கோரிக்கை. நிலமில்லாமல் ஏற்றிய சனத்தை நிலமில்லாமலே இறக்கக் கூடாது. கேள்வி கேட்ட தோழர் இதில் பாதிக்கு மட்டும்தான் ஒத்துக்கொண்டார். விவாதம் இன்னும் முடியவில்லை, முடியவும் வேண்டாம்.

அரிக்கொம்பனை நினைவிருக்கிறதா? சின்னக்கானலில் சுற்றிய யானை. கம்பத்துக்குள் வந்து, பிடிபட்டு, 2023 ஜூனில் லாரியில் ஏற்றி இதே காப்பகத்தில் கொண்டுவந்து விட்டார்கள். கழுத்தில் ரேடியோ காலர், பின்னால் மருத்துவர் குழு. சொந்தக் காட்டைப் பிரித்துவிட்டார்களே என்று கேரளமே அழுதது. சில மாதத்தில் அது நாலுமுக்குப் பக்கம் வந்து தோட்டத்தில் நின்றது. யானைக்குத் தன் இடம் என்று ஒன்று உண்டு, அதைப் பிடுங்கினால் துயரம் என்பது நம் நாட்டில் எல்லாருக்கும் புரிந்திருக்கிறது. நல்லது. அந்த யானை வந்து நின்ற அதே நாலுமுக்கில் அடுத்த வருசமே நூற்றுக்கணக்கான மனிதர்களைக் காலி செய்யச் சொன்னபோது, லாரிக்குப் பின்னால் எத்தனை பேர் வந்தார்கள்?

'தூய காடு' என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குக் காது கூச வேண்டும். தூய்மை என்ற சொல்லை இந்த நாட்டில் யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று நமக்குத் தெரியும். இங்கே குளம், கோயில், தெரு எல்லாம் நம் கால் படாமல் தூய்மையாக இருந்தவைதான். இப்போது மலையும் அந்த வரிசையில் சேர்கிறது. உழைத்தவனை வெளியே நிறுத்திவிட்டு, காசு கொடுத்தவனை உள்ளே விட்டு, அதற்குத் தூய்மை என்று பெயர் வைப்பது புதிய வித்தை ஒன்றும் இல்லை.

அதனால் காட்டுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. கட்டாயம் போங்கள். நம் பிள்ளைகளுக்கு மலை, அருவி, மிளா, இருவாச்சி எல்லாம் பார்க்க உரிமை உண்டு. இவ்வளவு நாள் பார்க்க விடாமல் செய்தது கூலியும் நேரமும்தான். போகும்போது வழிகாட்டியிடம் புலியைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகு, இந்தச் சாலையை யார் போட்டது, இந்த மரத்தை யார் நட்டது, இங்கே முன்பு எந்த ஊர் இருந்தது, அந்த ஊர்க்காரர் இப்போது எங்கே என்றும் கேளுங்கள். முண்டந்துறைப் பக்கம் போனால் காணிக்காரர் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்கள் காட்சிப்பொருள் அல்ல, அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நாங்களும் முதல் நாள் அந்தத் தவறைச் செய்தோம். ஒரு பாட்டி கையால் முகத்தை மறைத்துக்கொண்ட பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. அந்தப் படங்களை அழித்துவிட்டோம்.

எங்கள் படிப்பு வட்டம் இப்போது ஒரு வேலையில் இறங்கியிருக்கிறது. மாஞ்சோலையிலிருந்து இறங்கிய குடும்பங்களின் பழைய தாள்களைத் தேடுகிறோம். சம்பளச் சீட்டு, எஸ்டேட் பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழ், தோட்டத்து ஆஸ்பத்திரியின் பிறப்புச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, கல்லறைப் படம், எதுவானாலும் சரி. பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். தோழரின் ஆச்சி தகரப் பெட்டிக்குள்ளிருந்து முதலில் எடுத்துக் கொடுத்தது அவருடைய அம்மாவின் பெயர் போட்ட ஒரு சீட்டு. மடிப்பில் கிழிந்து, ஆண்டு மட்டும் அழிந்திருந்தது. அடுத்த வாரம் அதே லைனில் இருந்த இன்னொரு குடும்பத்தைப் பார்க்க அம்பாசமுத்திரம் போகிறோம்.

ஜூலை 23 அன்று காலை கொக்கிரகுளத்தில் இருப்போம். வருகிறவர்கள் சொல்லுங்கள், வண்டியில் இடம் இருக்கிறது.